இந்த வருஷம் உங்க காதுல நின்ன நாட்டுப்பாட்டு ஆல்பம் எது? தமிழ்நாடு கேரளா எல்லைக்காரங்க எல்லாம் வாங்க

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வணக்கமுங்க எல்லாருக்கும். டிசம்பர் வந்தா சினிமாப் பாட்டு லிஸ்ட் வரிசையா வந்துரும், நாட்டுப்பாட்டுக்குன்னு ஒருத்தரும் போடக் காணோம், அதான் நானே ஆரம்பிக்கறேன். 2025ல ரிலீஸ் ஆனதா இருக்கணும்னு இல்லீங்க, இந்த வருஷம் நீங்க திரும்பத் திரும்ப கேட்டதா இருந்தாப் போதும். ஆல்பமோ, பழைய கேசட்டோ, கோயில்ல போன்ல புடிச்சதோ, எதுன்னாலும் சரி. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், பாடினவங்க யாரு, எந்த ஊரு, என்ன வாத்தியம்னு தெரிஞ்சா சேத்து எழுதுங்க. அது இல்லாமத்தான் நம்ம பாட்டெல்லாம் வெறும் "ஃபோக்"னு ஆகிப் போச்சு.

நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்கா. வீட்ல தமிழ், பஞ்சாயத்து ஆபீஸ்ல மலையாளம். நோம்பி வந்தா ஒரு ஸ்பீக்கர் குழாய்ல வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடற வள்ளி கும்மி ஓடும், இன்னொரு குழாய்ல கலாபவன் மணியோட நாடன்பாட்டு ஓடும், ரெண்டு குழாயும் ஒரே மரத்துல கட்டியிருக்கும். 2016ல மணிச்சேட்டன் போனப்போ எங்க தெருவுல ரெண்டு நாள் அவரு பாட்டு மட்டுந்தான் ஓடுச்சு, போட்டது பூராம் தமிழ்ப் பசங்க.

என் முதல் இடம் ஆல்பமே இல்லீங்க, தோல் பொம்மை நிழலைத் திரையில ஆட்டற தோல்பாவைக் கூத்து. பாலக்காட்டுக்கு மேக்கால ஒரு பகவதி கோயில் கூத்துமாடத்துல நடுராத்திரிக்கு மேல போய் உக்காந்து போன்ல பதிஞ்ச மூணு மணி நேரம். திரைக்குப் பின்னால 21 விளக்கு வரிசையா எரியுது, கூத்து நடத்தற புலவர் பாட்டை எடுக்கறாரு, எடுக்கறது கம்பன் பாட்டுங்க, சுத்தத் தமிழ், ஆனா இழுப்பு மலையாளத்து இழுப்பு, பாட்டு முடிஞ்சதும் வர்ற விளக்கம் ரெண்டும் கலந்த பேச்சு. திரைக்கு முன்னால நானும் கோயில் வாட்ச்மேனும் மட்டுந்தான். அவங்க அதைப் பத்தி நினைக்கவே இல்ல, ஏன்னா கேக்கறது பத்ரகாளி. தாரிகன்ங்கற அசுரன் கூட சண்டையில இருந்ததால ராம ராவண யுத்தத்தை அவ பாக்க முடியல, அதனால வருஷா வருஷம் அவளுக்கு நடத்திக் காட்டறாங்கன்னு ஐதீகம். பள்ளிக்கூடத்துல அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணின அதே கம்பன், பாரதப்புழைக் கரையில இத்தனை காலமா ராத்திரி ராத்திரி பாட்டா இருந்திருக்கான், அது தெரியாமயே வளந்திருக்கேன்னு நினைச்சா தொண்டை அடைச்சுக்கிச்சு.

ரெண்டாவது ராப் பாடகர் அறிவோட "வள்ளியம்மா பேராண்டி", 2024ல வந்தது, இந்த வருஷந்தான் எனக்குள்ள இறங்குச்சு. பாட்டிக்காக ஒரு பேரன் போட்ட ஆல்பம்.

மூணாவது வள்ளி கும்மி. காரமடைப் பக்கத்து கும்மிக் கலைஞர் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்ததுக்கப்புறம் எங்க பக்கத்துப் பொண்ணுக ஒரு ஐம்பது பேரு சாயங்காலம் மைதானத்துல பழக ஆரம்பிச்சுட்டாங்க, அதுல என் மகளும் ஒருத்தி. ரெக்கார்டிங் எதுவும் அந்த மைதானத்துல கேக்கறதுக்கு ஈடாகலீங்க.

நீங்க சொல்லுங்க.

நாஞ்சில்மக்கா:

கொள்ளாம் அண்ணா, நல்ல இழை. நான் திருவட்டாறுப் பக்கம், வேலை திருவனந்தபுரத்துல. எனக்க லிஸ்ட்டுல ஒண்ணே ஒண்ணுதான், வில்லுப்பாட்டு.

எங்க அப்பா 90கள்ல ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்கு டேப் ரெக்கார்டரைக் கொண்டு போய் மேடைக்குக் கீழ வச்சு முழு ராத்திரியும் பதிஞ்சிருக்காரு. ஆறு கேசட்டு, எல்லாம் 90 நிமிசம் ஓடுற சி-90. இந்த வருஷம் மே மாசம் வீடு ஒதுக்கும்போது பரணுல இருந்து கெடைச்சுது. அதுல நாலு ஓடுது. அந்த நாலையுந்தான் நான் வருஷம் பூரா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

வில்லுப்பாட்டுன்னா வெளியூர்க்காரங்க நிறைய பேரு டிவியில வர்ற ஒரு மணி நேர சமாச்சாரம்னு நினைக்காவ. சுப்பு ஆறுமுகம் ஐயாவை நான் குறை சொல்லல கேட்டியளா, 2022ல போற வரைக்கும் இந்தக் கலையை ஊரு ஊரா கொண்டு போனவரு, பத்மஸ்ரீ வாங்கினவரு. ஆனா கொடையில நடக்குற வில்லு வேற. காப்பு, குரு வணக்கம், பொறவு கதை, கடைசியில வாழி பாடி முடிப்பாவ. நடுவுல கதையில சாவு வரும் பாருங்க, அந்த எடத்துல தாளம் ஏறும், ஏற ஏற குடத்துச் சத்தம் நெஞ்சுல இடிக்கும், அப்பந்தான் சாமி வரும். பாட்டு நம்மளை ரசிக்க வைக்கதுக்கு இல்ல, சாமியைக் கொண்டு வரதுக்காக்கும். அதை அஞ்சு நிமிசத்துக்கு வெட்டினா சாமி எப்படி வரும்?

இன்னொண்ணு. வில்லுல வலது பக்கம் ஒரு கூட்டம், இடது பக்கம் ஒரு கூட்டம். முன்னால பாடுற அண்ணாவி ஒரு வரி விட்டா மத்த பக்கத்துக்காரங்க அதைப் பிடிச்சு முடிப்பாங்க. எங்க அப்பா வச்ச டேப் ரெக்கார்டர்ல ரெண்டு மைக்கு உண்டு, அதனால ஹெட்போன் போட்டுக் கேட்டா வலது காதுல அண்ணாவி, இடது காதுல பதில், நடுவுல குடம். திட்டம் போட்டு செஞ்சது இல்ல, தன்னால அமைஞ்சுது. அவரு அதைக் கேக்காமலே போயிட்டாரு.

கதை இரவிக்குட்டிப்பிள்ளை போர். 1630கள்ல கணியாகுளத்துல நடந்த சண்டை, மதுரை நாயக்கர் படைக்கும் வேணாட்டுக்கும். இங்க திருவனந்தபுரத்துல எனக்கக் கூட வேலை பாக்குற ஒரு சேச்சிகிட்ட போட்டுக் காமிச்சேன், அவங்க "இது ஞங்ஙளுடெ தெக்கன் பாட்டல்லே"ன்னு, அதாவது இது எங்க தெக்கத்திப் பாட்டுல்லான்னு கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் சொந்தம். 1956 நவம்பர் 1ல மாநில எல்லைன்னு கோடு போட்டாவ, பாட்டு அந்தப் பக்கமும் இருக்கு இந்தப் பக்கமும் இருக்கு.

வருத்தம் என்னன்னா, 45 நிமிசத்துல சைடு மாத்தணும்லா. மூணாவது கேசட்டுல சரியா இரவிக்குட்டிப்பிள்ளை தலை விழுற எடத்துல டக்குன்னு நிக்கி. சைடு மாத்திப் போட்டா சாவு முடிஞ்சு குலவைச் சத்தம் கேக்குது. அந்த ரெண்டு நிமிசம் போனது போனதுதான். பாடின அண்ணாவி பேரு கவர்ல எழுதியிருந்திருக்கு, கரையான் அரிச்சதுல போச்சு. எங்க ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்.

டேப்புச்சுருள்:

நான் பாலக்காடு டவுன், சவுண்ட் வேலைதான் பொழப்பு, அதனால கொஞ்சம் எதிர்ப்பேச்சு பேசிக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன்ல புடிச்சது, பரண்ல கெடைச்சது, இதெல்லாம் எவ்வளவு ஒசந்ததுன்னாலும் ஆல்பம்னா வேற. ஆல்பம்னா ஒருத்தர் உக்காந்து எது முதல்ல எது கடைசின்னு யோசிச்சு, சத்தத்தைச் செதுக்கி, முழுசா ஒரு பொருளாக் குடுக்கறது. அதையும் மதிக்கணும். எனக்கு 2018ல வந்த, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற பேண்டோட ஆல்பம் "மகிழ்ச்சி"தான் இன்னைக்கும் அளவுகோல். கானாவையும் பறையையும் டிரம்ஸ் கிட்டார் பக்கத்துல உக்கார வெச்சாங்க, பறை எங்கயும் அமுங்கிப் போகல. பறையோட அடியில முன்னால வர்ற அந்த 'சட்'டுன்னு தெறிக்கற சத்தம் இருக்கில்ல, அதை, சத்தத்தோட ஏத்த இறக்கத்தைக் குறைக்கற கம்ப்ரெஸ்ஸர் போட்டு நசுக்கிட்டா பறை தகர டப்பா ஆயிரும். முக்காவாசி சினிமாப் பாட்டுல அதான் நடக்குது. இதுல நடக்கல.

பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்த வருஷம் பத்மஸ்ரீ அறிவிச்சப்போ என் ஸ்டுடியோவுக்கு வர்ற சின்னப் பசங்க நாலு பேரு வந்து "சார் பறையை எப்படி மைக் பண்றது"ன்னு கேட்டானுக. அந்தப் பசங்க பறையைக் காதுல கேட்டது கொடையில இல்ல, ஆல்பத்துல. அவங்களை உள்ள இழுத்தது ஃப்யூஷன்தான். அதனால அஞ்சு நிமிஷப் பாட்டைக் கொஞ்சம் விட்டுப் புடிங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

டேப்புச்சுருள் சார், ஒத்துக்கறேன். நான் அஞ்சு நிமிஷத்துக்கு எதிரி இல்லீங்க, என் மக கும்மிக்குப் போனதே போன்ல பாத்த ஒரு சின்ன வீடியோவாலதான். ஆனா என் மனசுல உள்ளதைச் சொல்லிடறேன். எங்க அம்மிச்சி, அம்மாவோட அம்மா, நாத்து நடப் போறப்ப பாடும், அது பாட ஆரம்பிச்சா வரப்புல நிக்கற எனக்கு மணி தெரியும், ஏன்னா காலைல ஒரு மெட்டு, வெயில் ஏறினா ஒண்ணு, கரை ஏறப் போறப்ப ஒண்ணு. அதுல "மெட்டு நல்லாருக்கு"ன்னு ஒண்ணை மட்டும் எடுத்து கீபோர்டு போட்டு ஒரு கம்பெனி கேசட் கொண்டு வந்தாங்க, கம்பெனி பேர் வேண்டாம், பாடினவங்க பேர் போடற எடத்துல "கிராமியக் குழுவினர்"னு போட்டிருந்தாங்க. அம்மிச்சி அதைக் கடையில கேட்டுட்டு "இது நம்ம மேட்டுக்காட்டுப் பொம்பளைக பாடறதாச்சே"ன்னு கேட்டுச்சு. அதோட குரலே அதுல இருந்துச்சுங்க. அம்மிச்சிக்கு அது தெரியாமலே போயிருச்சு, நாங்களும் சொல்லல. பத்து வயசுல எனக்குச் சொல்லத் தெரியல. இப்ப யோசிச்சா சொல்லியிருக்கணும்.

நல்ல ஆல்பம் எதுன்னு கேட்டா எனக்கு அளவுகோல் இதுதான். பாடினவங்க பேர் இருக்கணும், கேட்டா எந்த ஊர்ல எந்த நேரத்துல பாடினதுன்னு தெரியணும். ஸ்டுடியோவா காடான்னு நான் பாக்கறதில்ல.

அகளிமழை:

அட்டப்பாடியில ஸ்கூல் டீச்சரா இருக்கேன்ங்க, சொந்த ஊர் ஆனைகட்டி. பேர் போடறதைப் பத்திச் சொன்னதால எழுதறேன். நஞ்சியம்மா அக்கா 2022ல சினிமாவுல பாடினதுக்குத் தேசிய விருது வாங்கினாங்க இல்ல, அந்தப் பாட்டு இருளர் மொழி. விருது அறிவிச்ச அடுத்த நாள் என் கிளாஸ்ல இருளர் வீட்டுப் பொண்ணு ஒருத்தி, அதுவரைக்கும் வாயே தெறக்காத பொண்ணு, எந்திரிச்சு "டீச்சர் எங்க பாட்டிக்கும் பாட்டு தெரியும்"னு சொல்லுச்சு. ஒரு பேரு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு நான் அன்னைக்குப் பாத்தேன்.

அந்தப் பாட்டி பாடினதை நான் பதிஞ்சு வெச்சிருக்கேன், 40 நிமிஷம் இருக்கும். எங்கயும் ஏத்த மாட்டேன், அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதுல சில பாட்டு சாவு வீட்டுக்கு மட்டும் பாடறது, சும்மா இருக்கறப்ப ஓடக்கூடாதாம். அதனால என் லிஸ்ட்ல முதல் இடத்துல இருக்கறது நீங்க யாரும் கேக்க முடியாத ஒண்ணு. கோச்சுக்காதீங்க.

இருளர் இசையைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்றேன். பறை, தவில், கொகால், ஜால்ரா, இவ்வளவுதான் வாத்தியம். கொகால்னா ஊதறது, ஊதறவரு மூச்சு விடற எடமே தெரியாது. ஆட்டம் வட்டமா சுத்தும், அதனால ஒரு எடத்துல நின்னு பதிஞ்சா கால் சத்தம் கிட்ட வந்து தூரப் போகும், மறுபடி கிட்ட வரும். டேப்புச்சுருள் சார், இதை எப்படிப் பதியறதுன்னு சொல்லுங்க.

டேப்புச்சுருள்:

டீச்சர், கால் சத்தம் போயிட்டு வர்றதைச் சரி பண்ணாதீங்க, அதான் அழகு. வட்டத்துக்கு நடுவுல போக விட்டாங்கன்னா ஸ்டீரியோ ரெக்கார்டரை நெஞ்சு உயரத்துல நிறுத்துங்க. விடலைன்னா வெளிய, காத்து அடிக்காத பக்கமா. மைக்குக்கு பஞ்சு உறை போடுங்க, உங்க ஊர் காத்துக்கு அது இல்லாம முடியாது. எம்பி3 வேண்டாம், சத்தத்தைச் சுருக்காத வாவ் ஃபைலாப் பதியுங்க, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் போதும். ஆரம்பத்துல உங்க குரல்ல தேதி, ஊர், பாடறவங்க பேர், எதுக்குப் பாடறதுன்னு சொல்லிடுங்க. காகிதத்துல எழுதினா காகிதம் தொலையும், குரல்ல சொன்னா பாட்டோடயே இருக்கும்.

சாவுப் பாட்டை ஏத்தாதது சரிதான். எனக்கு இது தோணவே இல்ல.

தேயிலைக்கொழுந்து:

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், தேவிகுளம் பக்கத்து எஸ்டேட், இப்ப எர்ணாகுளத்துல படிக்கிறேன். அறிவு ஆல்பத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அவரோட பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்தவங்க, 1964 இந்தியா இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களோட கதை அது. எங்க வீடு அது இல்ல, நாங்க திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து தோட்டத்துக்கு ஆள் சேக்குற கங்காணி கூட்டிட்டு வந்து நேரா மூணாறு ஏறுனவங்க. எல்லாரும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. ஆனா கேக்கும்போது எனக்கு வித்தியாசம் தெரியல. அதே வரிசை வீட்டு லயம், அதே கொழுந்துக்கூடை, அதே மாதிரி காலைல ஆள் கணக்கு எடுக்குற பிரட்டுக்கு ஓடுறது. எங்க பாட்டிகிட்ட ஒரு சைடு இயர்போனைக் குடுத்தேன், ராப் வர்ற எடத்துல முகத்தைச் சுளிச்சுச்சு, ஒப்பாரி மாதிரி இழுக்குற எடம் வந்ததும் கையைப் புடிச்சுக்கிருச்சு. அப்புறம் தானா ஒண்ணு பாடுச்சு, எங்க தாத்தா செத்தப்ப பாடுனதாம். பதியலாமான்னு கேட்டேன், தலையை ஆட்டுச்சு. இப்ப டீச்சர் சொன்னதப் படிச்சுட்டு யோசனையா இருக்கு, அடுத்த லீவுல ஊருக்குப் போய் மறுபடி கேக்குறேன்.

செங்கோட்டைபாசஞ்சர்:

தங்கச்சி சொன்னதுல சேக்க ஒண்ணு இருக்கு. எங்க செங்கோட்டையில இருந்து ஆரியங்காவு தாண்டினா குளத்துப்புழை, அங்க ரப்பர் தோட்டம் முழுக்க இலங்கையில இருந்து வந்த குடும்பங்கதான், அவங்களுக்காகவே 1976ல புனலூரை வச்சு அரசாங்கக் கம்பெனி தொடங்கினாங்க. அங்க பிள்ளைய மலையாளம் படிக்கி, வீட்ல மலையகத் தமிழ் பேசுது. அங்க எங்க மாமா மகளைக் கட்டிக் கொடுத்திருக்கு, போன ஆடியில அங்க ஒரு வீட்டுல மன்மதன் கதையைச் சொல்ற காமன் கூத்துப் பாட்டு பாடினாவ, இலங்கைத் தோட்டத்துல பாடினதாம். வடக்க இருந்து கடல் தாண்டிப் போயி, திரும்பி வந்து மலை தாண்டி உக்காந்திருக்கு அந்தப் பாட்டு. எந்த ஆல்பத்துல இதெல்லாம் வரும்?

என் லிஸ்ட்ல மகுடம்ங்கற தோல் வாத்தியம். கணியான் கூத்து கேட்டிருக்கியளா? ரெண்டு மகுடம், ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். தோலை நெருப்புல வாட்டி வாட்டி சுருதி ஏத்துவாவ, விடியக்காலம் பனி இறங்க இறங்க சுருதியும் இறங்கும், மறுபடி வாட்டுவாவ. ராத்திரி எத்தனை மணின்னு அந்தத் தோலைக் கேட்டாலே சொல்லிரலாம். சுடலை கோயில் கொடையில நான் பதிஞ்சதுல நெருப்பு வெடிக்கிற சத்தமும் கேக்கும்.

அப்புறம் முத்துப்பட்டன் கதை. பாபநாசத்துக்கு மேல சொரிமுத்தையனார் கோயில்ல பட்டவராயன்னு கும்பிடுற இந்த முத்துப்பட்டனுக்கு இன்னைக்கும் தோல் செருப்புதான் காணிக்கை. பிராமணப் பையன் சக்கிலியர் வீட்டுப் பொண்ணுங்களைக் கட்டி, மாடு காக்கப் போயி உயிரை விட்ட கதை. ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை பதிப்பிச்சதைப் படிச்சிருக்கேன், ஆனா பாட்டா கேக்கும்போது மாமனார் செருப்புத் தைக்கச் சொல்ற எடத்துல கூட்டம் அமைதியாகும், அது எழுத்துல வராது.

இன்னொண்ணும் எழுதணும்னு நினைச்சேன். ஜூன் மாசம் கொல்லங்குடி கருப்பாயி அம்மா போயிட்டாங்க, 99 வயசு. 85ல படத்துல பாடி ஊரெல்லாம் தெரிஞ்சவங்க, அதுக்கு முன்னாலயே ரேடியோவுல பாடினவங்க. அந்தச் செய்தி வந்த அன்னைக்கு நான் லோடு ஏத்திட்டு புனலூர் போயிட்டிருந்தேன், மலை மேல வண்டியை ஓரங்கட்டிட்டு ரெண்டு பாட்டு கேட்டுட்டுத்தான் எடுத்தேன். இந்த வருஷம் நான் அதிகம் கேட்ட குரல் அவங்க குரல்.

நாஞ்சில்மக்கா:

அண்ணாச்சி, கருப்பாயி அம்மாவை நான் விட்டுட்டேன், நல்லா ஞாபகப்படுத்தினிய. எங்க பக்கத்துல பூங்கனி அம்மாவும் அப்படித்தான், வில்லுல முன்னால உக்காந்து பாடின பொம்பளை, 2018ல போனாங்க. அவங்க முழு ராத்திரி பாடினது எதாவது யார்கிட்டயாவது உண்டா? ஒரு மணி நேரம் இருந்தாக்கூடப் போதும்.

டேப்புச்சுருள் அண்ணா, என்கிட்ட ஓடாத ரெண்டு கேசட்டைப் பத்திக் கேக்கணும். ஒண்ணு டேப் சுத்தவே மாட்டேங்குது. இன்னொண்ணு சுத்துது, சத்தம் அடைச்ச மாதிரி கேக்குது. கடையில ஒருத்தர்கிட்ட கொடுத்தேன், அவரு போட்டு இழுத்ததுல கொஞ்சம் சுருங்கிப் போச்சு, பயந்து திரும்ப வாங்கிட்டேன்.

டேப்புச்சுருள்:

இனி யார்கிட்டயும் குடுக்காதீங்க தம்பி, பிளேயர்லயும் போடாதீங்க. சி-90 டேப்பு சி-60ஐ விட மெலிசு, பழசானா சீக்கிரம் இழுபட்டுப் போகும். சுத்தாததுக்குக் காரணம் பெரும்பாலும் டேப்பு இல்ல, வெளிக்கூடுதான், வளைஞ்சிருக்கும் இல்லன்னா உள்ள வழுக்குற தாள் ஒட்டிக்கிட்டிருக்கும். நாலு மூலை ஸ்க்ரூவைக் கழட்டி டேப்பை அப்படியே எடுத்து நல்ல கூட்டுல மாத்தினா ஓடிரும். கூட்டுல ஸ்க்ரூ இல்லாம ஒட்டியிருந்தா மெல்லக் கீறித் தெறக்கணும், அதை என்கிட்ட விட்ருங்க.

அடைச்ச சத்தத்துக்கு ரெண்டு காரணம் இருக்கும். டேப்பை, அதுல இருந்து சத்தம் எடுக்கற ஹெட்டோட அழுத்தற சின்ன பஞ்சு விழுந்திருக்கும். இல்லன்னா உங்க அப்பா பதிஞ்ச மெஷின்ல ஹெட் கொஞ்சம் சாய்ஞ்சிருந்திருக்கும், அதே சாய்வுல வெச்சுக் கேட்டாத்தான் ஜால்ராச் சத்தமெல்லாம் தெளிவா வரும். ஹெட் பக்கத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கும், காதுல கேட்டுக்கிட்டே கால் சுத்து திருப்பினா திடீர்னு திரை விலகின மாதிரி தெறக்கும். ஆனா ஓடற நாலு கேசட்டையும் அதே மாதிரி திரும்பப் பதிஞ்சாத்தான் முழு ராத்திரியும் ஒரே சத்தமா வரும். காசு ஒண்ணும் வேண்டாம்.

மூணாவது கேசட்டுல விட்டுப்போன ரெண்டு நிமிஷம் திரும்ப வராது. ஆனா அன்னைக்கு ராத்திரி உங்க அப்பா ஒருத்தர் மட்டுந்தான் டேப் ரெக்கார்டர் கொண்டு போனாரான்னு ஊர்ல கேட்டுப் பாருங்க. அந்தக் காலத்துல கல்ஃப்ல இருந்து வந்தவங்க வீட்டுக்கு ஒண்ணு வெச்சிருந்தாங்க.

நாஞ்சில்மக்கா:

அண்ணா இதை நான் யோசிக்கவே இல்ல. எங்க தெருவுல மஸ்கட்ல இருந்து வந்த ஒரு மாமா இருந்தாரு, அவரு மகன் இப்ப களியக்காவிளையில இருக்கான். நாளைக்கே போன் போடுதேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

தம்பி, கேசட்டைத் தபால்ல அனுப்பாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை சரக்கு எடுக்க நான் திருவனந்தபுரம் வர்றேன், நேர்ல வாங்கிட்டு வந்து டேப்புச்சுருள் சார் கையில குடுத்தர்றேன். ரயில்ல என் மடியிலதான் வெச்சுட்டு வருவேன். அண்ணாவி பேர் தெரிஞ்சுதுன்னா அதையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள வெச்சுருங்க.

நாஞ்சில்மக்கா:

சரிண்ணா. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன். ஆறையும் கொண்டு வாறேன். பேரு கெடைச்சாச்சு, இப்பந்தான் எங்க பெரியம்மை போன்ல சொன்னாங்க. அவரு வீட்டுல கேட்டு, சரின்னு சொன்னாங்கன்னா இங்கயும் போடுதேன்.